ஆட்டம் இல்லாத மாதங்களில் பேஸ்பால் பழகுவது எப்படி?

2025 நவம்பர் 1 அன்று டொராண்டோவில் நடந்த வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. டாட்ஜர்ஸ் 5-4 என்று ப்ளூ ஜேஸை வென்று கோப்பையைத் தூக்கியதோடு அந்த சீசன் முடிந்தது. அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பேஸ்பால் பக்கம் வந்தவர்களுக்கு மறுநாளே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். அடுத்த சீசன் மார்ச் கடைசியில்தான்.

அதற்குள் ஆர்வம் வற்றிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பது என் கட்சி. சீசன் நடக்கும்போது ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் ஒன்று. நேற்று நடந்ததைப் புரிந்துகொள்வதற்குள் இன்றைய ஆட்டம் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் அந்த அவசரம் இல்லை. ஓர் அணியை எப்படிக் கட்டுகிறார்கள், யார் ஏன் போகிறார், யாருக்கு எவ்வளவு பணம், எதற்காக என்பதெல்லாம் கண்முன்னே மெதுவாக நடக்கும்.

மூன்று ஸ்ட்ரைக்குக்கு ஓர் அவுட், நான்கு பாலுக்கு ஒரு வாக், மூன்று அவுட்டுக்கு அரை இன்னிங்ஸ் என்ற அளவுக்கு ஆட்டம் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றது போகப் போக வரும்.

படி 1: ஒரே ஓர் அணியைப் பிடியுங்கள்

எம்எல்பியில், அதாவது மேஜர் லீக் பேஸ்பால் என்ற பெரிய லீக்கில், மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15; ஒவ்வொரு லீக்கும் ஐந்தைந்து அணிகளாக மூன்று பிரிவு. எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் பின்தொடர முயன்றால் டிசம்பரிலேயே களைத்துவிடுவீர்கள். ஓர் அணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அணி? கோப்பை வென்ற அணியைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. நான் சொல்லும் முதல் அளவுகோல் மிகச் சாதாரணமானது: அந்த அணியின் ஆட்டநேரம் உங்கள் நாளில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒன்று அலுவலக நேரமாக இருக்கலாம், இன்னொன்று ஓய்வு நேரமாக இருக்கலாம். பார்க்க முடியாத அணியின் மேல் வைத்த பாசம் ஜூன் வரை தாங்காது. இரண்டாவதாக, அந்த அணிக்குள் உங்களுக்குப் பிடித்த ஒரு முகமாவது இருக்கட்டும். அவ்வளவுதான். வரலாறு, நிறம், சின்னம் இதெல்லாம் அப்புறம் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

படி 2: 40 பேர் பட்டியலைக் கையால் எழுதுங்கள்

அணியின் இணையதளத்தில் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கும். குளிர்காலம் முழுக்க நடப்பதெல்லாம் இந்த 40 இடங்களைச் சுற்றித்தான். சீசனில் இந்த நாற்பதில் 26 பேர்தான் ஒரு நேரத்தில் களமிறங்கத் தயாராக இருப்பார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் ஆடிக்கொண்டு அழைப்புக்குக் காத்திருப்பார்கள். பட்டியல் நிரம்பியிருக்கும்போது ஒருவரைப் புதிதாகச் சேர்த்தால் ஏற்கெனவே இருக்கிற ஒருவர் போயாக வேண்டும். பெரிய ஒப்பந்தச் செய்தியின் கடைசி வரியில் 'இவருக்கு இடம் தர இன்னார் நீக்கப்பட்டார்' என்று ஒரு பெயர் வரும். அந்த வரியைத் தவறவிடாதீர்கள்.

பெயர்களை அச்செடுக்காமல் ஒரு நோட்டில் நீங்களே எழுதுங்கள். எழுதும்போதுதான் பெயர் மனதில் தங்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: வயது, ஆடும் இடம், பெரிய லீக்கில் எத்தனை வருடச் சேவை. மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் சாவி.

படி 3: சேவைக்காலக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் குளிர்காலச் செய்திகளில் முக்கால்வாசி புரிந்துவிடும். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

பெரிய லீக் பட்டியலில் 172 நாட்கள் இருந்தால் ஒரு வருடச் சேவை. முதல் மூன்று வருடம் அணி தருவதுதான் சம்பளம். குறைந்தபட்சத் தொகைக்கு (2025இல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர்) சற்று மேலே என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மூன்று முதல் ஆறு வருடம் வரை ஆர்பிட்ரேஷன் என்ற கட்டம். சம்பளத்தில் ஒத்துப்போகாவிட்டால் வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். மூன்று நடுவர்கள் கேட்டுவிட்டு இரண்டில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நடுவே ஒரு தொகை சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் அடாவடியாகக் கேட்கப் பயப்படும். இந்த விசாரணையில் ஒரு சங்கடம் உண்டு. அணி தன் சொந்த வீரரின் குறைகளை அவர் முன்னிலையிலேயே அடுக்க வேண்டியிருக்கும். 2023 பிப்ரவரியில் மில்வாக்கியின் தலைசிறந்த பிட்சர் கோர்பின் பர்ன்ஸ் 1 கோடியே 7.5 லட்சம் டாலர் கேட்டார், அணி 1 கோடியே 10 ஆயிரம் என்றது, அணி ஜெயித்தது. அந்த விசாரணை உறவைப் புண்படுத்திவிட்டது என்று பர்ன்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த பிப்ரவரியில் அவர் பால்டிமோரில் இருந்தார்.

ஆறு வருடம் முடிந்துவிட்டால் வீரர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம்.

ஒரு நாள் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு கிரிஸ் பிரையண்ட் கதையைச் சொல்வார்கள். 2015இல் சிகாகோ கப்ஸ் அவரை சீசன் தொடக்கத்தில் மைனர் லீக்கில் வைத்திருந்து, ஏப்ரல் 17 அன்றுதான் மேலே கொண்டுவந்தது. அந்த வருடம் அவர் சேர்த்தது 171 நாட்கள். அந்த ஒரு நாள் குறைந்ததால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஒரு முழு வருடம் தள்ளிப்போனது. புகார் கொடுத்தார், 2020இல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. அந்த 2015இல் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கியவரும் அவர்தான். கப்ஸ் செய்தது விதிக்கு உட்பட்டதுதான். ஆனாலும் என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

இந்த ஆறு வருட உரிமைகூட சும்மா வந்ததல்ல. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்குத்தான் சொந்தம் என்ற விதி பல பத்தாண்டுகள் இருந்தது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட்டை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு போனது. 1975 டிசம்பர் 23 அன்று ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்களின் வழக்கில் வந்த நடுவர் தீர்ப்புதான் கதவைத் திறந்தது. பேஸ்பாலின் மிகப் பெரிய மாற்றங்கள் சில, மைதானத்தில் ஒரு பந்துகூட வீசப்படாத மாதங்களில் நடந்திருக்கின்றன.

படி 4: நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

நவம்பர் தொடக்கத்தில் ஃப்ரீ ஏஜென்ட் பட்டியல் வெளியாகும். அதே சமயம் அணிகள் தங்கள் முக்கிய வீரர்கள் சிலருக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் என்ற ஒரு வருட ஒப்பந்தத்தை நீட்டலாம். லீக்கின் உயர்ந்த 125 சம்பளங்களின் சராசரிதான் தொகை. 2025 இறுதியில் அது 2 கோடியே 20 லட்சத்து 25 ஆயிரம் டாலர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு அணிக்குப் போனால் அந்தப் புது அணி, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பை இழக்கும். அடுத்து விருதுகள் வரும். நவம்பர் மூன்றாம் வாரத்தில், ஆர்பிட்ரேஷன் கட்டத்தில் இருக்கும் யாருக்கு ஒப்பந்தம் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது தெரியும். இது சத்தமில்லாமல் நடக்கும் நாள், ஆனால் நோட்டில் பெயர்கள் அடிபடும் நாள்.

டிசம்பர் தொடக்கத்தில் வின்டர் மீட்டிங்ஸ். எல்லா அணி நிர்வாகிகளும் ஏஜென்ட்களும் ஒரே ஹோட்டலில் கூடுவார்கள். 2024இல் டல்லாஸ், 2025இல் ஆர்லாண்டோ. கிரிக்கெட் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே சுத்தியல் சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் மூடிய கதவுக்குள் பேச்சுவார்த்தை. 2024 கூட்டம் தொடங்கும் தறுவாயில்தான் ஹுவான் சோட்டோ மெட்ஸ் அணியோடு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் என்று ஒத்துக்கொண்ட செய்தி வந்தது.

கூட்டத்தின் கடைசி நாளில் ரூல் 5 டிராஃப்ட். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பெரிய பெயர் ஒன்றுகூட வராத நிகழ்ச்சி என்றாலும். சில வருடங்களாக ஓர் அணியின் மைனர் லீக்கில் இருந்தும் 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாத வீரரை வேறோர் அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அவரை அடுத்த சீசன் முழுக்கப் பெரிய லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பாதி விலைக்குப் பழைய அணிக்கே திருப்பித் தர முன்வர வேண்டும். பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். ஆனால் 1954இல் பிட்ஸ்பர்க் இப்படித்தான் டாட்ஜர்ஸிடமிருந்து ராபர்ட்டோ கிளெமென்டேயை எடுத்தது. பின்னாளில் சரியாக 3,000 ஹிட் அடித்து, ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழரங்கில் இடம்பிடித்தவர் அவர்.

ஜனவரி 15இல் வெளிநாட்டு இளம் வீரர்களை ஒப்பந்தம் செய்யும் காலம் தொடங்கும். ஜனவரி பிற்பாதியில் ஹால் ஆஃப் ஃபேம் முடிவு. பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சி முகாமுக்கு வந்து சேர்வார்கள்.

படி 5: வதந்தியை வினைச்சொல் பார்த்துப் படியுங்கள்

இந்த மாதங்களில் ஆட்டத்தைவிட வேகமாக ஓடுவது வதந்திதான். ஆகவே ஒரு செய்தியைப் படிக்கும்போது வீரர் பெயரைப் பார்க்கும் முன் வினைச்சொல்லைப் பாருங்கள்.

'ஆர்வம் காட்டுகிறது' என்றால் ஒன்றுமே இல்லை. 30 அணிகளும் நல்ல பிட்சர் மேல் ஆர்வம் காட்டத்தான் செய்யும். 'பேசியிருக்கிறது' என்றால் ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். விலையை ஏற்ற ஏஜென்ட்டே கசியவிட்டதாகவும் இருக்கலாம். 'நேரில் சந்தித்தது' என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 'ஒத்துக்கொண்டார், மருத்துவப் பரிசோதனை பாக்கி' என்றால் கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. அணியே அறிவித்தால்தான் முடிந்தது.

'கிட்டத்தட்ட' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் கார்லோஸ் கொரியா. 2022 டிசம்பரில் அவர் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு 13 வருடம், 35 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டார். அறிமுகக் கூட்டம் வைத்திருந்த அன்றே அது ரத்தானது. மருத்துவப் பரிசோதனையில் காலில் ஏதோ சந்தேகம். சில மணி நேரத்தில் மெட்ஸ் 12 வருடம், 31.5 கோடி என்று புகுந்தது. அவர்களுடைய பரிசோதனையிலும் அதே சிக்கல். கடைசியில் ஜனவரியில், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மினசோட்டாவுக்கே ஆறு வருடம், 20 கோடிக்குத் திரும்பினார். ஒரே மாதத்துக்குள் மூன்று அணி ரசிகர்கள் அவர் பெயர் போட்ட ஜெர்சியைக் கனவு கண்டாயிற்று.

அதைவிட வேடிக்கை 2023 டிசம்பர் 8. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஒட்டானி எங்கே போவார் என்று உலகமே காத்திருந்த நேரம். அவர் டொராண்டோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று ஒரு செய்தி வந்தது. தெற்கு கலிபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்குக் கிளம்பிய ஒரு தனி விமானத்தை ரசிகர்கள் இணையத்தில் நிமிடத்துக்கு நிமிடம் பின்தொடர்ந்தார்கள். விமானம் இறங்கியது. உள்ளேயிருந்து வந்தவர் ராபர்ட் ஹெர்ஜாவெக் என்ற கனடா தொழிலதிபர். மறுநாள் ஒட்டானி இன்ஸ்டாகிராமில் டாட்ஜர்ஸ் என்று அறிவித்தார்.

எனவே புதியவருக்கு என் யோசனை: வதந்திகளுக்கு ஒரு நாளில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், காலையோ மாலையோ. நிஜமான செய்தி என்றால் அது மாலைவரை நிஜமாகத்தான் இருக்கும். செய்தியாளர் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போலிக் கணக்குகளும் உலவும். பெரிய செய்தி என்றால் இரண்டாவது ஒருவர் உறுதி செய்யும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படி 6: ஒப்பந்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள்

தலைப்பில் வரும் மொத்தத் தொகை பாதிக் கதைதான். எத்தனை வருடம், வருடத்துக்குச் சராசரி எவ்வளவு, வீரர் நடுவில் விலக உரிமை உண்டா, எவ்வளவு தொகை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்று நான்கையும் பாருங்கள்.

ஒட்டானியின் ஒப்பந்தம் 10 வருடம், 70 கோடி டாலர். ஆனால் ஆடும் காலத்தில் அவர் வருடத்துக்கு வாங்குவது 20 லட்சம். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டி இல்லாமல். பிற்காலத்தில் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், அணிகளின் சம்பள வரிக் கணக்கில் இது வருடத்துக்கு 4.6 கோடி அளவில்தான் ஏறுகிறது. எம்எல்பியில் சம்பள உச்சவரம்பு கிடையாது, ஒரு வரம்பைத் தாண்டினால் வரி மட்டும் உண்டு. 2026க்கு அந்த வரம்பு 24.4 கோடி டாலர். பணக்கார அணிகள் தாண்டிவிட்டு வரியைக் கட்டும். மற்ற அணிகள் அதை ஒரு சாக்காகச் சொல்லும்.

தள்ளிப்போடும் ஒப்பந்தத்தின் பிதாமகர் பாபி பொனியா. மெட்ஸ் அவருக்குத் தர வேண்டியிருந்த 59 லட்சத்தை 8 சதவீத வட்டியோடு தள்ளிவைத்தது. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் அவருக்கு சுமார் 11.9 லட்சம் டாலர் போகிறது. ரசிகர்கள் அந்த நாளை ஒரு பண்டிகையாகவே கொண்டாடுகிறார்கள், மெட்ஸ் ரசிகர்கள் தவிர.

படி 7: ஒரு பழைய ஆட்டத்தை ஸ்கோர் ஷீட்டோடு பாருங்கள்

எம்எல்பியின் யூடியூப் சேனலில் பழைய ஆட்டங்கள் பல முழுமையாகக் கிடைக்கின்றன. ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ள இதுதான் நேரம். நேரலையில் தவறவிட்டால் போனது போனதுதான், பதிவில் நிறுத்தி எழுதலாம்.

முதலில் எண்கள்: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட் ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்பவர்) 6, இடது, நடு, வலது அவுட்ஃபீல்டு முறையே 7, 8, 9. இந்த எண்கள் ஜெர்சி எண்கள் அல்ல, நிற்கும் இடத்தின் எண்கள். ஷார்ட் ஸ்டாப் பந்தை எடுத்து செகண்டுக்கு எறிந்து, அங்கிருந்து ஃபர்ஸ்டுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில எழுத்து கே. மட்டையை அசைக்காமலே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

எந்த ஆட்டம்? 2011 வேர்ல்ட் சீரீஸ் ஆறாவது ஆட்டத்தைச் சொல்வேன். அக்டோபர் 27, செயின்ட் லூயிஸ். தொடரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 3-2 என்று முன்னிலை. அதுவரை கோப்பையே பார்க்காத அணி. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் ரேஞ்சர்ஸ் 7, உள்ளூர் அணியான கார்டினல்ஸ் 5. பந்து நெஃப்டாலி ஃபெலிஸ் கையில்.

ஷீட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ரயன் தெரியோ, கே. ஆல்பர்ட் பூஹோல்ஸ், டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ்). லான்ஸ் பெர்க்மன், வாக். ஆலன் கிரெய்க், திருப்பிப் போட்ட கே. இரண்டு அவுட், இரண்டு பேர் பேஸில். டேவிட் ஃப்ரீஸ் வருகிறார். ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் கிடைத்தால் ரேஞ்சர்ஸ் சாம்பியன். இந்த இடத்தில் பதிவை நிறுத்தி, வலது அவுட்ஃபீல்டில் நெல்சன் குரூஸ் எங்கே நிற்கிறார் என்று யோசியுங்கள். கடைசி இன்னிங்ஸில் முன்னிலையில் இருக்கும் அணி, தலைக்கு மேல் எதுவும் போய்விடாதபடி அவுட்ஃபீல்டர்களைச் சுவருக்குப் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவது வழக்கம். பந்து வலது பக்கமாகப் பறக்கிறது, குரூஸ் பின்னால் ஓடுகிறார், எட்டவில்லை. ட்ரிப்பிள், ஒரே அடியில் மூன்றாவது பேஸ். 7-7. ஷீட்டில் இரண்டு ஓட்டக் கட்டங்களை நிரப்பும்போது கை கொஞ்சம் நடுங்கும்.

பத்தாவதில் ஜாஷ் ஹாமில்டன் ஹோம் ரன்னில் ரேஞ்சர்ஸ் மறுபடி 9-7. மறுபடி கடைசி ஸ்ட்ரைக் வரை வந்து, இந்த முறை பெர்க்மன் சமன் செய்கிறார். பதினொன்றில் ஃப்ரீஸ் முதல் ஆளாக வந்து நடுப்பக்கம் ஒரு ஹோம் ரன். 10-9. மறுநாள் ஏழாவது ஆட்டத்தையும் கார்டினல்ஸே வென்றது. ரேஞ்சர்ஸ் முதல் கோப்பைக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள், இரண்டாவது தடவை எழுதுங்கள். இது முடிந்ததும் 2016 ஏழாவது ஆட்டம், அதாவது கப்ஸின் 108 வருடக் காத்திருப்பு முடிந்த ஆட்டம். அதன் பிறகு நீங்களே தேடிக்கொள்வீர்கள்.

படி 8: பிரிவுக்குத் தயாராகுங்கள்

அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் டபுள் அடித்த பூஹோல்ஸ் கார்டினல்ஸின் உயிர்நாடி. கோப்பை வென்ற அதே குளிர்காலத்தில், டிசம்பரில், 10 வருட ஒப்பந்தத்தில் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டார். செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டால், முதலில் தாங்கவில்லை என்பதுதான் பதில். 2022இல் கடைசி சீசனுக்கு அவர் திரும்பி வந்து, 700ஐத் தாண்டி 703 ஹோம் ரன்னோடு ஓய்வு பெற்றபோது அதே ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

உங்களுக்கும் இது நடக்கும். நோட்டில் முதல் பெயராக எழுதியவரே ஒரு நாள் போவார். கோபப்படுங்கள், தப்பில்லை. ஆனால் போன வீரரைத் திட்டும் முன் அவர் ஆறு வருடம் யார் சொன்ன சம்பளத்துக்கு ஆடினார் என்று படி 3ஐ ஒருமுறை பாருங்கள். பதிலுக்கு யார் வந்தார்கள் என்றும் பாருங்கள். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடில் வரும் பெயர் தெரியாத 20 வயதுப் பையன்களை மூன்று வருடம் கழித்துத்தான் எடைபோட முடியும். செய்தி வந்த அன்றே மதிப்பெண் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

படி 9: நிஜ ஆட்டமே வேண்டும் என்றால்

வடக்கே குளிர் என்றால் கரீபியனில் ஆட்டம். டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா, புவேர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ எல்லாவற்றிலும் அக்டோபர், நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை லீக் உண்டு. பிப்ரவரி தொடக்கத்தில் சாம்பியன்கள் மோதும் கரீபியன் சீரீஸ். டொமினிகன் லீக்கிலிருந்து தொடங்குங்கள். சாண்டோ டொமிங்கோவின் லிசேயும் சாண்டியாகோவின் அகிலாஸும் மோதும் நாளில் பார்வையாளர் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டால், எம்எல்பி ஆட்டம் நூலகம் மாதிரித் தோன்றும்.

படி 10: ஓட்டுச்சீட்டு எழுதுங்கள்

ஹால் ஆஃப் ஃபேம் நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறது. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆன வீரர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்களிப்பார்கள். ஒரு சீட்டில் அதிகபட்சம் பத்து பெயர். 75 சதவீதம் வந்தால் உள்ளே, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே வெளியே. 2019இல் மரியானோ ரிவேராவுக்கு 425க்கு 425 கிடைத்தது, இதுவரை வேறு எந்த எழுத்தாளர் வாக்கெடுப்பிலும் காணாத ஒருமனம். 2020இல் டெரெக் ஜீட்டருக்கு 397க்கு 396, 2025இல் இச்சிரோவுக்கு 394க்கு 393. அந்த ஒற்றை ஆட்கள் யார் என்பதுதான் இன்னும் புரியாத புதிர். 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ் ஊக்கமருந்துச் சர்ச்சையால் பத்து வருடமும் முயன்று 66 சதவீதத்தில் நின்றுபோனார். நீங்களும் பத்து பெயர் எழுதி, முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 11: ஸ்பிரிங் டிரெய்னிங்கில் ஸ்கோரை நம்பாதீர்கள்

15 அணிகள் அரிசோனாவிலும் 15 அணிகள் புளோரிடாவிலும் முகாமிடும். பிப்ரவரி கடைசியில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிடும். முக்கிய வீரர்கள் சில இன்னிங்ஸ் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். ஏழாவது இன்னிங்ஸில் 80, 90 என்று ஜெர்சி எண் போட்ட, யாரென்றே தெரியாத பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிட்சர் அன்று முழுக்கப் புதிதாகப் பழகும் ஒரே வகைப் பந்தை வீசி அடிவாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். சமனில்கூட ஆட்டம் முடியும். 'வாழ்நாளிலேயே இப்போதுதான் உடல் மிகச் சிறப்பாக இருக்கிறது' என்று யாராவது ஒரு வீரர் சொல்வார், ஒவ்வொரு வருடமும்.

பார்க்க வேண்டியவை வேறு. அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பும் பிட்சரின் வேகம் பழைய அளவுக்கு வந்திருக்கிறதா? யாரைப் புதிய இடத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள்? மைனர் லீக்குக்கு இறக்கும் வாய்ப்புகள் தீர்ந்துபோன வீரர் யார்? அப்படிப்பட்டவரை மற்ற அணிகள் தட்டிக்கொண்டு போகும் ஆபத்து இல்லாமல் கீழே இறக்க முடியாது. கடைசி இடத்துக்கான போட்டியில் அவருக்கு அதனால் ஒரு சாதகம் உண்டு. டிசம்பரில் எடுத்த ரூல் 5 வீரருக்கும் அப்படித்தான்.

ஒரு முன்னெச்சரிக்கை

இவ்வளவும் வழக்கமான குளிர்காலத்துக்கு. அணி முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2022இல் போட்ட ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 வரை. போன தடவை ஒப்பந்தம் காலாவதியானபோது, 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். பெரிய லீக் ஒப்பந்தம் இல்லை, டிரேட் இல்லை, ரூல் 5 டிராஃப்டின் முக்கியப் பகுதி ரத்து. எம்எல்பி இணையதளத்திலிருந்து வீரர்களின் படங்களைக்கூட எடுத்துவிட்டார்கள். கரீபியன் லீக்குகள் நடந்தன, ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பு நடந்தது. கதவு திறந்ததும் மூன்று மாத வியாபாரம் சில நாட்களில் கொட்டியது. அப்படி ஒரு குளிர்காலம் வாய்த்தால் 4, 5, 6ஆம் படிகளை ஒத்திவைத்துவிட்டு 7, 9, 10ஐ வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.